மாதேசனின் பெயரில் என் இரத்தம்

மாதேசன் என்று பெயர் ஒட்டிய குப்பிக்குள் இருந்தது என்னுடைய இரத்தம். கை தவறி நடந்ததல்ல. தெரிந்தே செய்தேன்.

ஏழு வருடங்களாக, போன மாதம் வரை, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி கோமதியிடம் சொன்னதில்லை. கோயிலில் கைகூப்பி நிற்கும்போதுகூட இதை மட்டும் சொல்லாமல் தாண்டிப் போய்விடுவேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தானோ என்னவோ, வாய் வருகிறது...

என் பெயர் சக்திவேல். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் வீடு. ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. உலையிலிருந்து உருகிய அலுமினியத்தை அள்ளி அச்சில் ஊற்ற வேண்டும். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். அடுத்த வாரம் மதியம் இரண்டுக்கு. அதற்கடுத்த வாரம் இரவு பத்துக்கு. கம்பெனி பஸ் நெடுஞ்சாலையோரம் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

உடம்பு ஒரு வாரத்துக்குப் பழகி முடிக்கும்போது அடுத்த வாரம் வந்துவிடும். இரவு வேலை முடிந்து காலையில் வீடு திரும்பினால் வெறிபிடித்த மாதிரி பசிக்கும். ஆறு இட்லி தின்று, அதற்கு மேல் ஒரு தட்டுச் சோறும் தின்பேன். பிறகு தகரக் கூரையின் கீழ், கொதிக்கும் வெயிலில், தூக்கம் என்ற பெயரில் ஒரு புரளல். நாலு மணிக்கு எழுந்தால் மறுபடியும் சோறு. ஆலையில் கண் சொருகும்போதெல்லாம் இனிப்பாகத் தேநீர்... எந்த வேளை எந்தச் சாப்பாடு என்று என் வயிற்றுக்கே தெரியாது!

மாதேசன் எனக்குப் பக்கத்து உலையில் நின்றவன். ஒரே ஷிப்ட், ஒரே பஸ். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து தருமபுரி வரை வண்டியில் வந்து பஸ் ஏறுவான். ஒல்லியான, முறுக்கேறிய உடம்பு. நாங்கள் பரோட்டா தின்னும்போது அவன் தூக்குப் பாத்திரத்திலிருந்து களி உருண்டையை எடுத்துப் பிட்டுத் தின்பான். இருவருமே அப்போது ஒப்பந்தத் தொழிலாளிகள்.

எனக்குச் சர்க்கரை இருப்பது அந்தப் பரிசோதனைக்கு எட்டு மாதம் முன்பே எனக்குத் தெரியும். தாகம் தாங்க முடியாமல், எடை குறைந்து, தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் அறிக்கையைப் பார்த்தார், பிறகு என் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தார்.

"ஷிப்ட் மாறி மாறி வருதா?"

"ஆமாங்க சார். வாரா வாரம் மாறும்ங்க."

"ஒடம்புக்குன்னு ஒரு கடிகாரம் இருக்குது. தூங்குற நேரத்துல முழிச்சி, முழிச்சிருக்கிற நேரத்துல தூங்கி, நடுராத்திரியில சாப்ட்டா அது கொழம்பிப் போவும். மாத்திரை மட்டும் என்ன பண்ணும் சொல்லுங்க? நைட் ஷிப்ட்ட விட முடியுமா?"

நான் சிரித்தேன். விட முடியுமா என்கிறாரே!

மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். கோமதி கேட்டபோது, "கால் வலிக்கு" என்றேன். போடும் நாளில் போட்டேன். ஷிப்ட் மாறும் வாரங்களில் மறந்தேன். ஒரு விடியற்காலையில் உலைக்கு முன்னால் கண் இருண்டது. கையில் கொதிக்கும் கரண்டி! அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தவன் மாதேசன். மேற்பார்வையாளர் ஓடி வந்து என்னவென்று கேட்டபோது, "எண்ணெயில வழுக்கிட்டான் சார்" என்று எனக்காகப் பொய் சொன்னவனும் அவன்தான்.

அவனுடைய பெயரில்தான் என் இரத்தத்தைக் கொடுத்தேன். கேளுங்கள்.

அந்த வருடம், ஒப்பந்தத்தில் இருந்தவர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாக அறிவித்தார்கள். உலையில் நிற்பவனுக்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்றார்கள். சர்க்கரை ஏறியிருந்தால் உலைப் பக்கம் விடமாட்டார்கள். உலையில் இல்லாதவனுக்கு நிரந்தரமும் கிடையாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உருகிய உலோகத்துக்குப் பக்கத்தில் ஒருவன் மயங்கினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியுமே!

இரவு வேலை முடிந்த ஒரு காலையில், கேன்டீனில் மேசை போட்டு இரத்தம் எடுத்தார்கள். வெளியிலிருந்து ஒரு ஆய்வுக்கூடத்து ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் மேசையில் பெயரைச் சொன்னால், பெயர் அச்சடித்த ஒட்டுச்சீட்டு ஒன்று தருவார்கள். அதைக் கொண்டுபோய் இரத்தம் எடுக்கும் பெண்ணிடம் கொடுத்தால், அவள் குப்பியில் ஒட்டிக்கொள்வாள். நீண்ட வரிசை. எல்லோர் கண்ணிலும் தூக்கம்.

"சத்தி, இத செத்த புடி. மூஞ்சி கழுவிட்டு வந்திர்றேன்," என்று மாதேசன் தன் சீட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு சீட்டுகள். இரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளை.

அந்த நிமிடத்தை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். தூக்கக் கலக்கமாக இருந்திருக்கலாமோ? இல்லை. இரண்டு பெயர்களையும் படித்தேன். தெளிவாகப் படித்தேன். மனம் ஒரு கணக்குப் போட்டது: இவன் திடகாத்திரமானவன், தப்பு என்று சொல்லி மறுபடி பரிசோதித்துக்கொள்வான், ஒன்றும் ஆகாது... அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். நான் கையை நீட்டினேன். அவன் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? கொடுத்தவன் நானல்லவா!

என் முறை வந்தபோது மாதேசனின் சீட்டைக் கொடுத்தேன். அந்தப் பெண் தலைநிமிராமல் ஒட்டினாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் மாதேசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

பத்து நாட்கள் கழித்து மாதேசனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது.

"சுகராம்டா... இருநூத்தி எம்பதாம்! நானா? எங்க வூட்டுல யாருக்குமே இல்லியேடா!"

"ஷிப்ட் வேலைடா. யாருக்கு வேணா வரும்," என்றேன்.

பொய்யா அது? சத்தியமான வார்த்தை! என் டாக்டர் சொன்னது, என் உடம்பில் நடந்தது. உண்மையை எடுத்து அவன் வாயை அடைத்தேன். அவன் நம்பினான். "ஆமாடா. எத்தினி நைட்டு முழிச்சிருப்போம்" என்று தலையாட்டினான்.

அவனைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள், பகல் வேலை மட்டும். எனக்கு நிரந்தர ஆணை வந்தது. கோமதி பாயசம் வைத்தாள். மாதேசன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "எனக்கு வேண்டாம்மா, சுகரு" என்று பாயசத்தைத் தள்ளி வைத்தான். நான் குடித்தேன். இரண்டு டம்ளர்!

மறுபரிசோதனை செய்துகொள்வான் என்று நினைத்தேனே... அவன் செய்யவில்லை. கம்பெனி தாளில் அச்சடித்துக் கொடுத்தது, அது தப்பாக இருக்குமா என்று நினைக்கிறவன் அவன். அந்தத் தாளை ஊர்ப்பக்கம் ஒரு மருந்துக்கடையில் காட்டினான். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்கானவன் அல்லவா, ஒரு நாளும் தவறாமல் போட்டான். சோற்றையும் பாதியாகக் குறைத்தான்.

சர்க்கரையே இல்லாத உடம்பில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை!

ஒருநாள் காலை வேலையில், பதினோரு மணிக்குப் பேக்கிங் பக்கம் போனேன். மாதேசன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின. "டேய் மாதேசா" என்றேன். யாரோ என்பதுபோல் என்னைப் பார்த்தான். "பஸ்சு வந்துட்டுதா?" என்று கேட்டான்.

எனக்குப் புரிந்தது. அந்த வியர்வை எனக்குத் தெரியும், அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். சாப்பிடாமல் மாத்திரை போட்ட நாட்களில் நானே அனுபவித்தது. கேன்டீனுக்கு ஓடி, நாலு கரண்டி சர்க்கரை போட்டுத் தேநீர் வாங்கி வந்து அவன் வாயில் ஊற்றினேன். பத்து நிமிடத்தில் தெளிந்தான்.

"ஒனக்கு எப்பிடிடா தெரிஞ்சிது?"

"எங்க மாமனாருக்கு இருக்குதில்ல," என்றேன். என் மாமனாருக்கு ஒன்றுமே இல்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். 'மறுபடி ஒரு டெஸ்ட் எடுத்துப் பாரு' என்ற அந்த ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் எடுத்துப் பார்த்து, அவனுக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால்? அப்படியானால் அந்தக் குப்பியில் இருந்தது யார் இரத்தம் என்று கேட்பார்களே! நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கி அவன் பையில் செருகினேன். "சாப்புடாம மாத்திரை போடாத" என்றேன்.

கொலைகாரன்கூட அப்படி அக்கறை காட்டியிருக்க மாட்டான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை. நான் காலை வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். மாதேசனின் மனைவி பழனியம்மா கைபேசியில் அழைத்தாள். முதலில் அழுகைதான் கேட்டது. பிறகு, "அண்ணா, பாப்பாவ கூட்டிக்கிட்டுப் போனாரு... வண்டியோட பள்ளத்துல வுழுந்துட்டாங்க..." என்றாள்.

மகள் தமிழ்ச்செல்விக்கு அப்போது ஒன்பது வயது. அன்று விடுப்பு எடுத்து, பள்ளிக்கூடச் செருப்பு வாங்கப் பின்னால் உட்கார வைத்துப் பென்னாகரம் போயிருக்கிறான். நேரான சாலை. எதிரே வண்டி இல்லை. ஓட்டிக்கொண்டே நினைவு தப்பியிருக்கிறது.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மாதேசன் தலையில் கட்டுடன் உட்கார்ந்திருந்தான். இன்னொரு வார்டில் குழந்தை. வலது முழங்கை நொறுங்கியிருந்தது.

இரண்டாம் நாள். ஒரு இளம் டாக்டர் அவன் கட்டிலருகே நின்று தாள்களைப் புரட்டினார். நான் கால்மாட்டில் நின்றேன்.

"யாருய்யா உங்களுக்கு இந்த மாத்திரையக் குடுத்தது? உங்களுக்குச் சுகரே கெடையாது. வரும்போது நாப்பதுல இருந்துச்சி. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டீங்க."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மாதேசனோ சிரித்தான். ஆம், சிரித்தான்! "சத்தி, எனக்கு இல்லியாம்டா! கேட்டியா? இல்லியாம்!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினான். அடுத்த நொடி மகளின் நினைவு வந்து முகம் சுருங்கியது. "பாவிங்க... யாரு ரத்தத்தயோ என் பேர்ல எழுதிட்டாங்களேடா" என்று அழுதான். அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். இந்தக் கையால்தான்.

அன்று மாலை வார்டுக்கு வெளியே பழனியம்மா என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, ரத்தம் எடுத்தன்னிக்கு நீங்களும் கூட இருந்தீங்க இல்ல?"

"இருந்தேம்மா."

"இவருக்கு முன்னாடி யாரு நின்னாங்க?"

"கூட்டமா இருந்துச்சும்மா... ஞாபகமில்ல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வார்டுக்குள் திரும்பிப் போனாள்.

கம்பெனியில் பெரிய சத்தம் கிளம்பியது. பழி ஆய்வுக்கூடத்தின் மேல் விழுந்தது. இரத்தம் எடுத்த அந்தப் பெண், கொடுத்த சீட்டைத்தான் ஒட்டினேன் என்று அழுதாளாம். அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் மறுபரிசோதனை என்று ஒரு பேச்சு எழுந்தது. இரண்டு வாரம் நான் தூங்கவில்லை. பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. பிறகு அவசர உற்பத்தி ஒன்று வந்தது. பேச்சு அடங்கிப்போனது. நான் தப்பித்தேன்... தப்பித்தேன் என்று சொல்லலாமா இதை?

மாதேசன் அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பவில்லை. நிரந்தரப் பட்டியல் முடிந்துவிட்டது. ஊரிலேயே பட்டுப்புழு வளர்க்கிறான். தமிழ்ச்செல்வியின் வலது கை இன்றுவரை முழுதாக நீளாது. இடது கையால் எழுதப் பழகி, இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

நான் உலையிலேயே நின்றேன். நிரந்தரத் தொழிலாளி! அடுத்தடுத்த வருடங்களில் பரிசோதனை வரும்போதெல்லாம் நாலு நாள் பட்டினி கிடந்து, மாத்திரையை அள்ளிப் போட்டு, எப்படியோ நூலிழையில் தேறினேன். மற்ற நாட்களில் அதே இரவு, அதே தேநீர், அதே காலைச் சோறு. போன வருடம் பாதுகாப்புக் காலணிக்குள் ஒரு சிறு கல் புகுந்து ஒரு ஷிப்ட் முழுக்கக் குத்தியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க மாதேசனும் பழனியம்மாவும் வந்தார்கள். கோமதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். "எட்டு வருசத்துக்கு மேல சுகர் இருந்திருக்கும்னு டாக்டரு சொல்றாருங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க" என்றாள்.

எட்டு வருடம் என்றதும் பழனியம்மாவின் கை, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கை, நின்றது. ஒரே ஒரு நொடி. பிறகு மீண்டும் உரித்தாள். நான் பார்த்தேன். பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மாதேசனுக்கு எதுவும் உறைக்கவில்லை. நான் வீடு திரும்பிய பிறகு வாரம் தவறாமல் வந்தான். கேழ்வரகு மாவு கொண்டுவருவான். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வந்து, அவனே என் விரலைப் பிடித்துக் குத்துவான். எண் குறைந்திருந்தால் குழந்தை மாதிரி மகிழ்வான். "நீ மட்டும் அப்பவே சொல்லியிருந்தா நான் பாத்துக்கிட்டிருப்பேன்டா" என்பான். அந்த வார்த்தைகளை எப்படித் தாங்குவது என்று நீங்கள் சொல்லுங்கள்!

போன மாதம் இதற்கு மேல் தாங்க முடியாமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் ஏறி, ஊன்றுகோலுடன் அவன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடு. மாதேசன் தோட்டத்துக்குப் போயிருந்தான். பழனியம்மா புழுக் கொட்டகையில், தட்டுகளில் மல்பெரி இலையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஆயிரம் புழுக்கள் இலை தின்னும் சத்தம் மழை மாதிரி கேட்டது.

வாசலில் நின்றபடியே சொன்னேன். "பழனிம்மா... அன்னிக்கு சீட்ட மாத்திக் குடுத்தது நான்தான். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவள் திரும்பவில்லை. கை நிற்கவுமில்லை.

"தெரியும்ங்க," என்றாள்.

"மாதேசங்கிட்டயும் சொல்லிரலாம்னு வந்தேன்."

இப்போதுதான் திரும்பினாள். அவள் கண்ணில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. அதைவிடக் கடினமான ஏதோ ஒன்று.

"சொல்லாதீங்க."

"எனக்குத் தாங்கலம்மா..."

"ஒங்களுக்குத் தாங்கலன்னு அவர்கிட்ட சொல்லுவீங்களா? சொல்லிட்டு ஒங்க வூட்டுக்குப் போயிருவீங்க. அதுக்கப்பறம் அவரு என்ன பண்ணுவாரு? பாப்பா கையப் பாக்குறப்பல்லாம் என்ன நெனைப்பாரு? இப்போ மிசினு தப்பு, எவளோ லேப்புக்காரி தப்புன்னு நெனச்சிக்கிட்டுச் சோறு திங்குறாரு. ஞாயித்துக்கெழம ஆனா ஒங்களப் பாக்கப் போவணும்னு சட்ட போடுறாரு. ஒங்கள வுட்டா அவருக்கு வேற யாருங்க இருக்கா?"

"என்ன நீ மன்னிக்க வேண்டாம். ஒரு வார்த்த திட்டியாவது..."

"திட்ட மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன். நீங்க வந்துக்கிட்டுப் போயிக்கிட்டு இருங்க. எப்பவும் போல இருங்க. அதான் நீங்க செய்யணும்."

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. அவள் மறுபடி இலைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டேய் சத்தி! பஸ்சுலயா வந்த? போன் பண்ணியிருந்தா வந்து கூட்டியாந்திருப்பேனே!" மாதேசன் என் ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்தான். என் தோளைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனான். "பழனி, இவனுக்குச் சோறு கம்மியா போடு. காய நெறைய வையி."

உள்ளே தமிழ்ச்செல்வி படித்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்று எழுந்து, இடது கையால் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பழனியம்மா என் தட்டில் அவரைக்காய்ப் பொரியலை வைத்தாள். மாதேசன் எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டு காலியாகும் வரை தின்றேன்.

"வர்ற ஞாயித்துக்கெழமையும் இங்கியே வந்துர்றா," என்றான்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.